ஆமை வேண்டாம் என்றவள்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலையில் ஊரெல்லாம் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்க, சிங்கப்பூரின் ஈசூனில் ஏழாவது மாடியில் சுரேந்தருக்கு மட்டும் வயிற்றிலேயே கரைத்தது.

போன வாரம் அவன் மனைவி திவ்யதர்ஷினியை ஆங் மோ கியோவில் ஒரு செல்லப்பிராணிக் கடை வாசலில் பேயறைந்த மாதிரி நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், பூச்சி வாங்கப் போனவள். எந்தப் பிராணிக்குத் தீனி என்று கடைக்காரி ஆஸ்மா கேட்டாள். திவ்யா கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"ஐயோ, இதை சிங்கப்பூர்ல யாரும் வீட்ல வெச்சுக்கக் கூடாது லா. போட்டோவைக்கூட யார்கிட்டயும் காட்டாதீங்க" என்று ஆஸ்மா சொன்னதோடு போன வாரம் முடிந்தது.

அன்று இரவு அவள் புருஷனிடம் எதுவும் கேட்கவில்லை. விடியட்டும் என்று இருந்தாள். விடிந்தது. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் மாமியாருக்குக் கேட்காது என்பது அவள் கணக்கு.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா, தெரியாதா?"

"எது?"

"அந்த ஓணானைத்தான் கேக்கறேன். லைசென்ஸ் இருக்குன்னு சொன்னீங்களே, எங்க?"

சுரேந்தர் காப்பி டம்ளரைப் பார்த்தான். அவனுக்கு ஒரு பழக்கம். பயம் வந்தால் பக்கத்தில் இருக்கும் பொய்யை எடுத்துப் போர்த்திக்கொள்வான். இந்த முறை பக்கத்தில் எதுவும் அகப்படவில்லை.

"வாங்கினப்ப தெரியாது. அப்புறம்தான் தெரிஞ்சுது. சத்தியமா அப்புறம்தான்."

"அப்புறம்னா?"

"ரெண்டு வாரம் கழிச்சு."

"வாங்கி நாலு மாசம் ஆகுது!"

"தெரியுது திவ்யா. தினமும் கம்பெனி பஸ்ல உக்காந்து அதையேதான் நினைச்சிட்டு இருக்கேன்."

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காகத் தொட்டிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுரேந்தர் ஜூரோங்கில் கப்பல் பட்டறை ஒன்றில் பொறியாளர். கப்பல்களுக்குள் தண்ணீர் எந்தக் குழாயில் போய் எதில் திரும்ப வேண்டும் என்று வரைவது வேலை. நிரந்தரவாசம், அதாவது பிஆர், கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தான். இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். தூக்கம் போயிற்று. தூக்கம் போன இரவுகளில்தான் வரவேற்பறையில் அந்த நாலடிக் கண்ணாடித் தொட்டியைக் கட்டினான். ஒரு பாதி மண்ணும் பாசியும் செடியும். மறுபாதி தண்ணீர். நடுவே கல்லில் வழிந்து விழும் ஒரு குட்டி அருவி.

அழகான தொட்டிதான். ஆனால் தரையிலும் தண்ணீரிலும் இருக்கிற மாதிரி ஓர் உயிர் அதற்குள் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. "ஆமை வாங்கலாங்க" என்று திவ்யாதான் சொன்னாள்.

அவ்வளவுதான். அவன் அம்மா வசந்தகுமாரி பூஜை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியோடு எழுந்து வந்துவிட்டாள்.

"ஆமையா? குடியிருக்கிற வீட்டுக்குள்ளயா? எங்க சித்தப்பா வீட்டுக் கொல்லையில ஒண்ணு வந்து படுத்துச்சு. அந்த வருஷமே மளிகைக் கடையை மூடியாச்சு. உனக்கு நிரந்தரவாசம் கிடைக்கணுமா, வேண்டாமா? ஆமை வந்தா நான் திருச்சிக்குப் போறேன்!"

ஆமை வேண்டாம். சரி, வேறு என்ன? டெலிகிராம் குழுவில் ஒருவன் 'வாட்டர் டிராகன்' என்று படம் போட்டிருந்தான். பச்சைப் பசேலென்று, நீண்ட வாலோடு, கிளையிலும் ஏறும், தண்ணீரிலும் குதிக்கும் என்று எழுதியிருந்தான். ஒரு கார் நிறுத்துமிடத்தில் துணிப்பையில் கைமாறியது. அம்மாவின் சகுனத்துக்குப் பயந்து, சட்டம் அனுமதிக்கிற பிராணியை விட்டுவிட்டு அனுமதிக்காததைக் கொண்டுவந்து வைத்தான். நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு தப்புச் செய்ய வரும், சொல்லுங்கள்!

வசந்தகுமாரிக்கு ஓணான் என்றால் ஆட்சேபம் இல்லை. ஒரே வாரத்தில் அது பச்சையப்பன் ஆகிவிட்டது. தமிழர்கள் நடமாடும் தேக்கா சந்தையில் வாங்கிய கீரையைக் கிள்ளிப் போட்டாள். "திங்கறதுக்கு வலிக்குதா உனக்கு?" என்று திட்டினாள். அதற்குக் கண்ணாடி என்று ஒன்று இருப்பதே புரியவில்லை. வெளியே போகலாம் என்று நினைத்துக் கண்ணாடியில் மூக்கை உரசி உரசி, மூக்கு நுனி புண்ணாகிக் கிடந்தது. அன்று காலையும் அவள் அந்த மூக்கில் மஞ்சள் குழைத்துத் தடவிக்கொண்டுதான் இருந்தாள்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சுரேந்தரின் கைபேசி இரைந்தது. வந்த செய்தியைப் படித்ததும் முகம் சுருங்கிப்போய்த் திவ்யாவிடம் நீட்டினான்.

வீட்டு உரிமையாளர் பேரின்பநாயகம். ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி, விதிமுறை என்றால் எழுந்து நிற்கிற மனிதர். வாடகைக்கு விட்ட வீட்டைச் சில மாதங்களுக்கு ஒரு முறை அவர் வந்து பார்ப்பது வழக்கம். இன்று மாலை ஐந்து மணிக்கு வருகிறாராம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி தொட்டியில் ஏதோ பிராணி இருப்பதாகச் சொன்னாராம். அதையும் பார்க்க வேண்டுமாம்.

"முடிஞ்சுது. அவர் ஒரு போன் போட்டார்னா போதும். மூணாவது தடவை பிஆர் போட்டிருக்கோம் திவ்யா. இப்ப கேஸ் ஆச்சுன்னா அதோட சரி. வேலை பாஸும் போயிடும்" என்றான் சுரேந்தர்.

"விலங்குத் துறைக்கு நாமளே போன் பண்ணிச் சொல்லிடலாங்க. வந்து எடுத்துட்டுப் போகட்டும். தெரியாம வாங்கிட்டோம்னு சொல்லுவோம்."

"தெரியாமன்னு எப்படிச் சொல்றது? நாலு மாசம் கழிச்சா? இரு, யோசிப்போம். நீர்த்தேக்கம் பக்கத்துலதானே இருக்கு. அங்க மரத்துல விட்டுட்டா அது பாட்டுக்கு..."

"விட்டா அது செத்துடும். இல்ல, அங்க இருக்கிறதைத் தின்னும். அப்படி விடறது அதைவிடப் பெரிய குத்தம். விடறதை யாராவது பார்த்தா?"

"அப்ப திங்கட்கிழமை. திங்கட்கிழமை நானே கூப்பிட்டுச் சொல்றேன். இன்னிக்கு மட்டும் தாண்டிடுவோம். ப்ளீஸ் திவ்யா."

அவன் காலி டம்ளரை எடுத்து மறுபடி குடிக்கப் பார்த்தான். கோபம் கோபமாக வந்தாலும் அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. அதுதான் அவள் செய்த தப்பு.

"அஞ்சு மணிக்கு அவர் வந்து தொட்டியில என்ன பிராணின்னு கேப்பார். ஒண்ணும் இல்லைன்னா நம்ப மாட்டார். அனுமதி இருக்கிற ஒண்ணு இருக்கணும். நான் போய் வாங்கிட்டு வரேன்."

"என்ன வாங்குவே?"

"ஆமைதான். வேற எது?"

"அம்மா?"

"அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொல்லிக் குழாயை மூடினாள்.

வரவேற்பறையில் வசந்தகுமாரி மஞ்சள் விரலோடு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எங்கம்மா கிளம்பிட்ட?" என்று மட்டும் கேட்டாள். "கடைக்கு அத்தை" என்றாள் திவ்யா.

*

ஆஸ்மாவின் கடையில் வாசலிலேயே ஒரு தொட்டி நிறையக் குட்டி ஆமைகள். உள்ளங்கையில் மூன்று வைக்கலாம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி விளக்குக்கடியில் காய்ந்துகொண்டிருந்தன.

"அந்த டிராகன் என்னாச்சு?" ஆஸ்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒப்படைச்சிடப் போறோம்" என்றாள் திவ்யா. அவளுக்கும் பொய் வந்துவிட்டது. இல்லை, பாதிப் பொய். திங்கட்கிழமை உண்மையாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அதுக்குப் பதிலா ஆமை வேணும். இங்க எது வளர்க்கலாம்?"

"ஊர்வனன்னு பார்த்தா ரெண்டே ரெண்டுதான்க்கா. ரெண்டுமே குரா-குரா, ஆமைதான். ஒண்ணு இந்த சிவப்புக் காது. இன்னொண்ணு மலாயா பாக்ஸ் டர்டல். எல்லாரும் இந்தக் குட்டியைத்தான் வாங்குவாங்க, சீப் லா."

திவ்யா ஒரு குட்டியைப் பார்த்தாள். அதுவும் கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நேற்று ராத்திரி தூங்காமல் கைபேசியில் படித்தது நினைவுக்கு வந்தது. இது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். நாளெல்லாம் நீந்தும். ஆழமான தண்ணீர் வேண்டும். இருபது முப்பது வருஷம் இருக்கும்.

"எங்க தொட்டியில தண்ணி ஒரு சாண் கூட இருக்காது. பாதி மண்ணு. இதுக்குச் சரிவருமா?"

"இதுக்கா? ரெண்டு வருஷத்துல போதாது. அப்புறம் எல்லாரும் பண்ற மாதிரி குளத்துல கொண்டுபோய் விடுவீங்க."

"மாட்டேன்" என்றாள் திவ்யா சட்டென்று. அந்தக் கோபம் ஆஸ்மா மேல் இல்லை.

"அப்ப பாக்ஸ் டர்டல்தான். அது நல்லா நீந்தாது, நடக்கும். ஆழம் கம்மியா இருந்தாத்தான் நல்லது. தண்ணியிலேர்ந்து மண்ணுக்கு ஏற சரிவு இருக்கா?"

"கல்லு அடுக்கி வெச்சிருக்கார்."

"வழுக்காம பார்த்துக்குங்க. அதோட இந்த சிவப்புக் காதைச் சேர்த்து வளர்க்காதீங்க, கடிச்சிடும். ஒண்ணே ஒண்ணு போதும்." ஆஸ்மா உள்ளே போய், கறுத்த ஓடும் மஞ்சள் கோடு போட்ட முகமுமாக, தேங்காய் மூடி அளவில் ஒன்றைத் தூக்கி வந்தாள். வெளிநாடு போன ஒரு குடும்பம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதாம். திவ்யா தொட்டதும் தலையும் காலும் உள்ளே போய், கீழ் ஓடு கதவு மாதிரி மூடிக்கொண்டது.

இந்தத் தொட்டிக்கு நாலு மாசம் முன்னாடியே வந்திருக்க வேண்டியது இது. அன்றைக்கு மாமியாரிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று திவ்யாவுக்கு அழுகை வந்தது. ஒரு வார்த்தை பேசப் பயந்துகொண்டு புருஷன், மாமியார், தான் என்று மூன்று பேருமே இங்கே வந்து நிற்கிறார்கள்.

ஆமைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் உட்கார்ந்தாள். ரயிலில் கொண்டுபோகக் கூடாது, அதையும் மீற அவளுக்குத் தைரியம் இல்லை.

*

வீட்டுக்கதவு திறந்து கிடந்தது. உள்ளே சுரேந்தர் பாம் ஷெல்டர் என்கிற சாமான் அறைக்குள் நின்றுகொண்டிருந்தான். அரிசி மூட்டை, பழைய பெட்டி, விசிறி எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டிருந்தான்.

"திவ்யா, காணோம்."

"என்ன காணோம்?"

"அதை ஒரு வாளியில போட்டு மூடி இங்க வெச்சேன். விளக்கையும் கிளையையும் குப்பையில போடக் கீழ போனேன். வந்து பார்த்தா வாளி காலி. அம்மாவும் இல்ல."

"போன் பண்ணீங்களா?"

"மணி அடிக்குது, எடுக்கல. பூக்கூடையைக் காணோம். அந்த மூடி போட்ட பெரிய கூடை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாய்ச் சத்தம் எதையும் மறைக்கவில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

"நீர்த்தேக்கத்துக்குப் போயிருப்பாங்களோ? நீங்க சொன்னதைக் கேட்டுட்டு..."

"ஐயோ!" சுரேந்தர் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது. யாராவது பிடிச்சுட்டா? விசிட் பாஸ்ல இருக்காங்க திவ்யா!"

"வாங்க, போய்ப் பார்ப்போம்."

செருப்பு மாட்டுவதற்குள் வாசலில் மணி அடித்தது. பேரின்பநாயகம். ஐந்தாக இன்னும் நேரம் இருந்தது. முன்னதாகவே வந்துவிடுவது அவர் வழக்கம்.

"என்ன தம்பி, வீடு மாறப் போறியளோ? சாமானெல்லாம் வெளியில கிடக்கு" என்றபடி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"கிளீன் பண்றோம் அங்கிள்" என்றாள் திவ்யா. ஆமைப் பெட்டி அவள் கையிலேயே இருந்தது. அவர் பார்வை அதில்தான் போய் நின்றது. வேறு வழியில்லாமல் அவர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து ஆமையைத் தொட்டிக்குள் வைத்தாள்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஓடு கொஞ்ச நேரம் மூடியே இருந்தது. பிறகு ஒரு மூக்கு வந்தது. ஒரு கால் வந்தது. ஆமை கல் சரிவில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று, சுற்றிப் பார்த்தது.

"ஆமையோ!" பேரின்பநாயகம் நிமிர்ந்தார். "உங்கட மாமி இதுக்கு ஓமெண்டு சொன்னவவோ பிள்ளை? எங்கட அம்மா இருந்திருந்தா என்னையும் சேர்த்து வெளியில போட்டிருப்பா."

"சொல்லியிருக்கோம் அங்கிள்."

"சரி, சரி. இது வளர்க்கலாம். இன்டர்நெட்டில பார்த்திட்டுத்தான் வந்தனான். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஏதோ முதலை மாதிரி எண்டு சொன்னவ. எனக்கு ராத்திரி நித்திரை இல்லை." அவர் சிரித்தார். "மாமி எங்க?"

"கோயிலுக்குப் போயிருக்காங்க" என்றான் சுரேந்தர் உடனே. பக்கத்தில் இருந்த பொய்.

அவர் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். வேறு ஆள் தங்குகிறார்களா என்று கட்டிலை எண்ணவில்லை, ஆனால் எண்ணுகிறவர் மாதிரிதான் பார்த்தார். பாம் ஷெல்டருக்குள்ளும் தலையை நீட்டினார். காலி வாளியைப் பார்த்தார். படுக்கையறையில் ஏர்கான் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனார்.

தப்பித்துவிட்டோம் என்று சுரேந்தர் மூச்சு விட்டான். வெட்கமாக இருந்தாலும் அவன் முகத்தில் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. திவ்யாவுக்கு வரவில்லை. அவள் மாமியாரின் எண்ணை மறுபடி அழுத்தப் போனாள்.

அதற்குள் சுரேந்தரின் கைபேசி அடித்தது. அம்மாவின் பெயர். தொட்டிக் கல்லைச் சரிசெய்த கை நனைந்திருந்ததால் அவன் மேசைமேல் வைத்தே ஒலிபெருக்கியை அழுத்தினான்.

"அம்மா, எங்கம்மா இருக்கே?"

"சார், நான் நசீர் பேசுறேன். தேக்கா பக்கம் இருக்கிற போலீஸ் நிலையத்துலேர்ந்து. வசந்தகுமாரிங்கிறது உங்க அம்மாவா?"

சுரேந்தர் திவ்யாவைப் பார்த்தான். திவ்யாதான் "ஆமா சார், அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"பயப்படாதீங்க, நல்லா இருக்காங்க. தேத்தண்ணி குடிக்கிறாங்க. ஈசூன்லேர்ந்து ரயில்ல வந்திருக்காங்க. அங்க போலீஸ்ல தமிழ் பேசுவாங்களோ மாட்டாங்களோன்னு சந்தேகமாம், இங்கன்னா கண்டிப்பா ஆள் இருக்கும்னு வந்தாங்களாம். கூடையில ஒரு பச்சை ஓணான் மாதிரி இருக்கு, ரொம்பப் பெருசு. மூக்குல மஞ்சள் வேற."

"சார்..."

"ஒரு நிமிஷம் சார். இது தன்னோடதுன்னு சொல்றாங்க. தானே ஒருத்தன்கிட்ட வாங்கி, ரூம்ல ஒளிச்சு வெச்சு வளர்த்தாங்களாம். மகனுக்கும் மருமகளுக்கும் ஒண்ணுமே தெரியாதாம். வாங்கினது யார்கிட்டன்னு கேட்டா, தாடி வெச்ச ஆள்ங்கிறாங்க, சீனர்ங்கிறாங்க, மலாய்க்காரர்ங்கிறாங்க. எனக்கு நம்பிக்கை வரல. அதான் உங்ககிட்ட நேரா கேக்கறேன். இது யாரோடது சார்?"

படுக்கையறை வாசலில் பேரின்பநாயகம் வந்து நின்றிருந்தார். எந்த வார்த்தையிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

திவ்யா புருஷனின் முகத்தையே பார்த்தாள். சொல்லுங்க என்று உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி அசைத்தாள். ஒரே வார்த்தைதான். என்னோடது. அதைச் சொல்லிவிட்டால் மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நிரந்தரவாசம் போனால் போகட்டும், திருச்சியில் வேலை இல்லையா, வீடு இல்லையா?

சுரேந்தர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். வாசலில் நிற்கிற மனிதரைப் பார்த்தான். கைபேசியைப் பார்த்தான்.

"அம்மாவோடதுதான் சார்" என்றான். "எங்களுக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. வசந்தகுமாரியின் குரல் கேட்டது. அப்படி ஒரு நிம்மதியான குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"பாத்தீங்களா தம்பி? நான் அப்பவே சொன்னேன்ல? எழுதிக்குங்க. அவன் நல்ல பிள்ளை, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆமை வேண்டாம்னு அடம்பிடிச்சவ நான்தான். எல்லாம் என்னாலதான்." பிறகு கைபேசிக்கு அருகில் வந்து, "சுரேந்தரா, குழம்பு அடுப்பு மேலயே இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடு. அப்படியே சொல்லு கண்ணா, மாத்திச் சொல்லிடாதே" என்றாள்.

"சார், அவங்க பாஸை நாங்க வாங்கி வெச்சிருக்கோம்" என்றார் நசீர். அவர் குரல் முன்போல் இல்லை. "விலங்குத் துறையிலேர்ந்து ஆள் வராங்க, விசாரிப்பாங்க. வயசானவங்க. யாராவது வந்து கூட இருந்தா நல்லது."

தொடர்பு அறுந்தது.

பேரின்பநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "நான் பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

திவ்யா கைப்பையை எடுத்தாள். ரயிலுக்கான ஈசிலிங்க் கார்டு இருக்கிறதா என்று பார்த்தாள். மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரையை அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே போட்டுக்கொண்டாள்.

"நானும் வரேன்" என்றான் சுரேந்தர். ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. "திவ்யா, அங்க போய் நீ என்ன சொல்லப் போறே?"

அவள் வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். நிமிரும்போது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்க சொல்லாததை" என்றாள்.